நாலாம் நாள் பிரசங்கம்

எஸ்தருக்கு அப்பா எழுதுகிறேன். இந்த உறையை நான் ஒட்டவில்லை. மறதியினால் அல்ல, வேண்டுமென்றே. நீ பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா படிக்கலாம். கிணற்றடியில் துணி துவைக்கிறவர்கள் படிக்கலாம். தபால்காரர் வடுகபட்டி விலக்கில் சைக்கிளைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு, பிறகு கொண்டுவந்து கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நீ சபை நடுவில் எழுந்து நின்று எல்லோரும் கேட்கப் பேசினவள். உன் பேச்சை ஊர் கேட்டுவிட்டது. என் பதிலை மட்டும் நான் ஏன் பசை தடவி மூட வேண்டும்?

மகளுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிறவனுக்குத் தலையில் கொஞ்சம் நரையாவது இருக்க வேண்டும். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. மீசை முளைத்த கையோடு கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். அதனால் மில்லில் பாதிப் பேர் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிடுகிற வயதிலேயே எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு மகள். பொறுமை வருகிற வயது எனக்கு வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. நான் படித்தது இண்டஸ்ட்ரியல் ஸ்கூலில் இஞ்சின் படிப்பு. இஞ்சின் நின்றால் எதனால் நின்றது என்று பார்ப்பேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து அழமாட்டேன். இந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கும். இனிப்பாக எழுதத் தெரிந்த அப்பன் வேண்டுமென்றால் அதற்கு இப்போது நேரம் கடந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கே நான் திருப்பிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிறு ஒழுங்காகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாயே, இரண்டாம் ஓலைக்கும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்து நான் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். நம் சபைக் குருவான ஐயர் உன் பெயரையும் சாமுவேல் பெயரையும் வாசித்தார். இவர்கள் விவாகத்துக்கு யாராவது தடை சொல்ல விரும்பினால் இப்போது சொல்லலாம் என்றார். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது எதற்கு? மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஒரு பெண்டாட்டி இருந்தால் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லட்டும் என்பதற்கு. நம் கோவிலில் எனக்குத் தெரிந்து ஒருவரும் எழுந்ததில்லை. ஐயர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், துடைத்து மாட்டியதும் அடுத்த வேலை. அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றின கை அப்படியே நின்றது.

“தடை இருக்குங்கய்யா” என்றாய்.

“யாரு மேலம்மா தடை?”

“எம் மேலதான். எங்கம்மா சாகையில தண்ணி கேட்டாக. நான் குடுக்கல. நியாயத்தீர்ப்பு அன்னைக்கு நான் தள்ளப்பட்டவுகளோட இடது பக்கம் நிக்கப் போறவ. என்னக் கட்டுறவுகளையும் அங்கன இழுத்துட்டுப் போகக்கூடாது.”

கல்யாணப்பெண்ணே தன் கல்யாணத்துக்குத் தடை சொன்னதை எந்தச் சபையிலும் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஐயர் கண்ணாடியைத் துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார். உபதேசியார் பதறிப்போய் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். அது அறுப்புப் பண்டிகைப் பாட்டு. பாதிச் சபை அதையும் சேர்ந்து பாடியது. நீ பாட்டு முடிவதற்குள் பக்கவாசல் வழியாகப் போய், நான் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் பெரியகுளம் பஸ்ஸில் ஏறிவிட்டாய். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற அந்தப் பஸ் கிளம்பக் கால்மணி நேரம் இருமும், பிடித்துவிடலாம் என்று ஓடினேன். என் அதிர்ஷ்டம், அன்றைக்கென்று முதல் சுற்றிலேயே கிளம்பித் தொலைத்தது.

திரும்பி வந்தால் கோவில் வேப்பமரத்தடியில் சம்பந்தி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற மனிதர். எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். “ஏம்ப்பா, பிள்ளைக்கு இந்த மாதிரி முன்னாடி எப்பவாச்சும் வந்திருக்கா?” என்று கேட்டார். என்னவோ வலிப்பு வந்ததுபோல. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தை திறந்துவிட்டாள். “ஆமா, எங்க பிள்ளைக்கு மனச்சாட்சின்னு ஒரு வியாதி. ஒங்க பஜார்ல அது யாருக்கும் வந்ததில்ல, அதான் ஒங்களுக்குத் தெரியல” என்றாள். எனக்கு அக்காவாகப் பிறந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? சம்பந்தி குடையை மடக்கிவிட்டார். சண்டை வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது சாமுவேல் நடுவில் வந்தான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், எஸ்தர். எனக்கே கோபம் வந்தது. “இடது பக்கமா மாமா? லாரியில டிரைவருக்கு வலது பக்கம். இடது பக்கம் சீட்டு காலியாத்தான் கெடக்கு. வந்து உக்காரச் சொல்லுங்க” என்றான். வேதசாஸ்திரமாகப் பார்த்தால் அந்தப் பேச்சு இரண்டு காசு பெறாது. மருமகனாகப் பார்த்தால் எனக்கு வேறு ஆள் வேண்டாம்.

ஆனால் அவன் சிரிப்புக்கும் ஒரு கெடு இருக்கிறது. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை, திங்கள் கல்யாணம், புதனோடு நாற்பது நாள் லெந்து நோன்பு தொடங்குகிறது. லெந்து நாட்களில் ஐயர் யாருக்கும் தாலி எடுத்துக் கொடுக்க மாட்டார். சாமுவேல் பட்டாளத்தில் லாரி ஓட்டப் பெயர் கொடுத்துவிட்டான். லெந்து முடிவதற்குள் அவன் எந்தக் காட்டில் எந்தச் சேற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பானோ யாருக்குத் தெரியும்? திரும்பி வருவான் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. நான் ஐயரிடம் போனேன். “சின்னப்பிள்ளையில நடந்தது, அதையெல்லாம் தடையின்னு எடுத்துக்கலாமாய்யா?” என்றேன். அவர் விதியைச் சொன்னார்: தடை சபையில் சொல்லப்பட்டது, சொன்னவர்தான் சபையில் எழுந்து நின்று அதை எடுக்க வேண்டும், எடுக்காமல் மூன்றாம் ஓலை வாசிக்க முடியாது. “அந்தப் பொண்ணு பெரியவுக சொன்னதத்தான கேட்டுச்சு, அதுல பாவமே இல்லன்னு நானே எடுத்துச் சொல்றேன், கூட்டிட்டு வாங்க” என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் சொல்கிற அந்த மருந்து உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். எனக்கே பிடிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உன்னை இப்படிக் கிளப்பிவிட்டவரை முதலில் பார்த்துவிடுவது என்று செவ்வாய்க்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுச் சின்னமனூர் போனேன். வெள்ளியும் சனியும் ராத்திரி நீ உன் சிநேகிதி வீட்டில் தங்கி அந்தக் கன்வென்ஷன் பிரசங்கப் பந்தலில் உட்கார்ந்திருந்தாய் என்பது அத்தை சொல்லித்தான் தெரியும். ரயில் தண்டவாளத்தைச் சர்க்கார் சண்டைக்காகப் பிடுங்கிக்கொண்டு போனதுகூடக் கடைசி நாளின் அடையாளம் என்று அந்தப் பிரசங்கியார் சொன்னாராமே. அதைக் கேட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கினது இரும்புத் தட்டுப்பாட்டின் அடையாளம். வழியெல்லாம் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கோர்த்துக்கொண்டே போனேன். வீரபாண்டி மேட்டில் பஸ் ஏறாமல் நின்று, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போதும் கோர்த்தேன்.

போய்ப் பார்த்தால் பந்தல் பாதி சரிந்து வாழைத்தோப்போரம் ஈரமாகக் கிடக்கிறது. மாசி மாதத்தில் மழை. பிரசங்கியார் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, நனைந்த பாய்களை வாய்க்கால் கரையில் விரித்துக்கொண்டிருந்தார். பல்வலி. என்னைவிட இளையவர். சிங்கத்தைத் தேடிப் போன எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

“நீங்கதான் இடது பக்கம் வலது பக்கம்னு பேசினவுகளா?” என்றேன்.

“ஆமாய்யா. நீங்க?”

“இடது பக்கத்துல ஒண்ண நிப்பாட்டிட்டு வந்தீங்களே, அதோட அப்பன்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் பாயைக் கீழே போட்டுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் விடவில்லை. “கிறிஸ்துவுக்குள்ள இருக்கவுகளுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லன்னு வேதத்துல எழுதியிருக்கா, இல்லையா?” என்றேன்.

“இருக்குய்யா.”

“பின்ன ஏன் அதச் சொல்லல?”

“சொல்லுவேன்யா. அது நாலாம் நாள் பிரசங்கம்.”

“என்னது?”

“மொத நாள் சிங்காசனம். ரெண்டாம் நாள் செம்மறியாடு, வெள்ளாடு. மூணாம் நாள் மனந்திரும்புதல். நாலாம் நாள்தான் விசுவாசிக்கு அந்த நாள் என்னன்னு விளக்கமாச் சொல்றது. எல்லா ஊர்லயும் அப்படித்தான்யா செய்யிறேன். ஒங்க மக ரெண்டாம் நாளோட போயிருச்சு.”

“மத்தவுகளுக்காவது சொன்னீங்களா?”

“நாலாம் நாள் மழை பேஞ்சிருச்சு” என்றார்.

ஒரு இஞ்சினை முழுக்கப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டு, பூட்டுகிற நாளில் மழை என்று வீட்டுக்குப் போகிற ஃபிட்டரை நான் மில் வாசலுக்குள் விடமாட்டேன். அதைச் சொன்னேன். “பயப்படுத்தாம எடுத்த எடுப்புல கிருபைன்னு சொன்னா ஜனங்க கொட்டாவி விடுறாக, அய்யா” என்றார். “அப்பக் கொட்டாவி விடட்டும். கொட்டாவி விட்டவன் எவனும் கல்யாணத்த நிறுத்தல” என்றேன். வடுகபட்டிக்கு வந்து உன்னிடம் நேரில் சொல்லக் கூப்பிட்டேன். கம்பத்தில் அடுத்த கூட்டம் தொடங்குகிறது, வண்டி காத்திருக்கிறது என்றார். “நீங்களே சொல்லுங்கய்யா. அப்பன் சொன்னா பிள்ள கேக்கும்.” “எங்க வீட்ல அந்த வழக்கம் இல்ல” என்றேன். கிளம்பும்போது ஒரு வாக்குக் கொடுத்தார், பல்வலியோடு: கம்பத்தில் நாலாம் நாளை முதல் நாளாக மாற்றிவிடுவதாக. செய்வாரோ மாட்டாரோ. உனக்கு அது பிரயோஜனம் இல்லை. உனக்கு நாலாம் நாள் பிரசங்கத்தைச் செய்ய இந்த ஜில்லாவில் மிச்சம் இருக்கிற ஆள் நான்தான். பஞ்சு மில் இஞ்சின்காரன். கிடைத்ததை வைத்துக்கொள்.

முதலில் உன் அம்மா விஷயம். உனக்குப் பதினொரு வயது. ஊரெல்லாம் காலரா. நான் போடி மேட்டுக்குக் கீழே ஒரு இஞ்சின் பூட்டப் போயிருந்தேன். ஆள் வந்து சொல்லி நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்பவுண்டர், தண்ணீர் உள்ளே போனால் கழிச்சல் அதிகமாகும், உதட்டை மட்டும் நனையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். உன் அத்தை வெந்நீர் வைக்க வெளியே இருந்தாள், நீ உள்ளே இருந்தாய், உன் அம்மா தண்ணீர் கேட்டாள், நீ கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் இதைப் பற்றி நீ மூச்சு விடவில்லை. பிறகு டிரெயினிங் ஸ்கூலில் சுகாதாரப் பாடம் எடுத்தார்கள்: காலராவில் உடம்பு வற்றித்தான் சாகிறார்கள், தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று. அங்கேதான் இது உன்னைப் பிடித்தது. அத்தை சொன்னாள், அந்த வருஷ லீவில்தான் நீ ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தாய் என்று. பிரசங்கியார் வைத்தது தீக்குச்சி மட்டும். விறகை நீ அடுக்கி வைத்திருந்தாய்.

உன் சுபாவம் எனக்குத் தெரியும். ஏழெட்டு வயதில் கோவில் விளக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டு, உடைந்தது யாருக்கும் தெரிவதற்கு முன்னாலேயே பழைய ஐயர் வீட்டுக்குப் போய்ப் பிரம்பையும் நீயே எடுத்து நீட்டினவள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, “இவ பொறக்கையிலேயே கூண்டுல ஏறிச் சாட்சி சொல்லிட்டேதான் பொறந்திருக்கா” என்றாள். அவளுக்கு அதில் பெருமைதான். எனக்கு அன்றைக்கே கொஞ்சம் பயம்.

இப்போது அத்தை எனக்கு ஒரு யோசனை சொல்கிறாள். “எழுதுடா, ஒங்கம்மா கடைசியில கண்ணத் தொறந்து ஒன்ன ஆசீர்வாதம் பண்ணிட்டுத்தான் போனான்னு. யாரு வந்து கேக்கப் போறா?” என்கிறாள். அவள் உன்மேல் வைத்திருக்கிற பிரியத்தில் சொல்கிறாள். நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது, எஸ்தர். நான் அங்கே இல்லை. உன்னைக் கோபித்துக்கொண்டு போனாளா, தெரியாது. உன்னை மறந்துபோய்த் தாகத்தை மட்டும் நினைத்துக்கொண்டு போனாளா, அதுவும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதிக் கொடுத்தால் உனக்கு ஒரு மாதம் தூக்கம் வரும், பிறகு சந்தேகம் வரும். அதேபோல ஐயர் சொல்கிற ‘அதில் தப்பே இல்லை’ என்பதையும் நான் சொல்லமாட்டேன். தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதது தவறு. பதினொரு வயதுப் பிள்ளையின் தவறு, கம்பவுண்டரின் தவறு, ஊரின் அறியாமை, எல்லாம் சேர்ந்த தவறு, ஆனாலும் தவறுதான். தவறே இல்லையென்று சொல்லி ஒருவரைத் தப்பவைப்பதற்கு சுவிசேஷம் எதற்கு? அதற்கு ஒரு நல்ல வக்கீல் போதும்.

அப்படியானால் அந்த நியாயத்தீர்ப்பு நாளில் விசுவாசிக்கு என்ன நடக்கும்? அப்போஸ்தலர் இதைக் கட்டடவேலைக்காரன் பேச்சாகவே பேசியிருக்கிறார், எனக்குப் பிடித்த இடம். அஸ்திவாரம் கிறிஸ்து. அதன்மேல் ஒருவன் பொன்னால் கட்டுகிறான், ஒருவன் வைக்கோலால் கட்டுகிறான். அந்த நாளில் நெருப்பு வந்து கட்டினதைச் சோதிக்கும். பொன் நிற்கும், வைக்கோல் போகும். ஆனால் கட்டினவன்? வைக்கோல் கட்டினவனும் தப்புகிறான். நெருப்புக்குள்ளிருந்து வெளியே வருகிறவனைப்போல, புகை நாற்றத்தோடு வருவான் என்று வைத்துக்கொள், ஆனால் வருகிறான். நெருப்பு வேலையைச் சோதிக்கிறது, வேலைக்காரனைத் தின்பதில்லை. ஆகையால் சோதனை நிஜம். நாம் செய்தது ஒன்றும் கணக்கில் வராது என்று எண்ணித் திரிகிறவனுக்கும் நான் இதையே சொல்வேன். அன்றைக்கு வெட்கப்படவும் இருக்கிறது, நஷ்டப்படவும் இருக்கிறது. தள்ளப்படுவது இல்லை. அந்தத் தீர்ப்பு முன்னாலேயே சிலுவையில் ஒருவர்மேல் விழுந்து முடிந்துவிட்டது. முடிந்த வழக்கைத் திரும்ப எடுக்க எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை, நீயாக எடுத்துக்கொண்டு போய் நின்றாலும்.

எங்கள் மில்லுக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார். கொதிகலனில் நீரை நிரப்பி, வழக்கமாக ஓடுகிறதைவிட அதிக அழுத்தம் ஏற்றுவார். எங்கே கசிகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். நான் ஒவ்வொரு கோடாக எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் பாய்லரை வெடிக்கவைக்க வரவில்லை. ஓடுவதற்கு யோக்கியமாக்க வருகிறார். இதை அத்தையிடம் சொன்னேன். “ஆண்டவரையும் பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆக்கிட்டியாடா?” என்றாள். அவள் சொல்வது சரிதான், உவமை முழுக்கப் பொருந்தாது. பாய்லருக்காக எந்த இன்ஸ்பெக்டரும் செத்ததில்லை.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். மேய்ப்பன் செம்மறியாட்டை வலது பக்கமும் வெள்ளாட்டை இடது பக்கமும் பிரிப்பதுபோல ஆண்டவர் ஜனங்களைப் பிரிக்கிற பகுதியை நீ எத்தனை தடவை படித்திருப்பாய்? வலது பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்கள் என்ன கேட்கிறார்கள்? நாங்கள் எப்போது உமக்குத் தாகம் தீர்த்தோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கே தெரியவில்லை. இடது பக்கத்தாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் தன் இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நீ ஒருத்திதான் முன்னாலேயே போய், பக்கத்தைப் பார்த்து, இடத்தைப் பிடித்து, துண்டும் போட்டுவிட்டு வந்திருக்கிறாய். அந்தச் சிங்காசனத்தில் உட்கார்ந்து பிரிக்கிற வேலையை உனக்கு யார் கொடுத்தது? நீ தாழ்மை என்று நினைத்துச் செய்தது தாழ்மை இல்லை, ஆத்தா. அது ஆண்டவருடைய நாற்காலி. எழுந்திரு.

அதில் உட்காரப்போகிறவர் யார் என்றும் ஒரு தடவை யோசித்துப் பார். அவரும் தாகத்தோடு செத்தவர். தண்ணீர் கேட்டார், காடியைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களையும் ஆணி அடித்தவர்களையும் மன்னிக்கச் சொல்லித்தான் போனார். தாகம் என்றால் என்ன என்று உன் அம்மாவுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும். அவளுடைய நாக்கு வறண்டதை அவருக்கு நீயும் நானும் விளக்க வேண்டியதில்லை. இதைச் சின்னமனூரிலிருந்து திரும்பி வரும் வழியில், பஸ்ஸை இரண்டாம் தடவை தள்ளும்போதுதான் நினைத்தேன். நினைத்தவுடன் தள்ளுவதை விட்டுவிட்டேன், டிரைவர் திட்டினார். கோவிலில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், பெரிய வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்டிருக்கிறேன், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. தாகத்தைப் பற்றி உன்னை விசாரிக்கப்போகிறவர் உனக்கு விரோதமாக அல்ல, உன் அம்மாவின் பக்கத்தில் நிற்கிறவர். உன் பக்கத்திலும் நிற்கிறவர். இரண்டு பக்கமும் ஒரே ஆள் நிற்கிற வழக்கில் நீ எதற்குத் தனியாக ஒரு மூலையில் போய் நிற்கிறாய்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அந்த நாள் வேண்டும், எஸ்தர். உன் அம்மா கடைசியில் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது என்றேனே, அதை எனக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஆள் கிடையாது. அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவளே பேசுவாள். அவளைத் தெரியும்தானே உனக்கு? பாய்ந்து வந்து கட்டிப்பிடிக்கிற ரகம் இல்லை. “ஏண்டி இம்புட்டு இளைச்சுக் கெடக்க?” என்றுதான் தொடங்குவாள் என்று என் எண்ணம். எண்ணம்தான், சாட்சி இல்லை. ஆனால் மறைந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வருகிற ஒரு நாள் இல்லாவிட்டால் உன் அம்மா எனக்கு என்றென்றைக்கும் பேசாமல் போனவளாகவே இருப்பாள். நீ எதைக் கண்டு நடுங்குகிறாயோ அதற்காக நான் காத்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது நமக்குத் தெரியாமல் போனதே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

கல்யாணத்தைப் பற்றி அப்பன் புத்திமதி என்று ஏதாவது எழுத வேண்டுமே. சாமுவேல் நல்ல பையன், ஆனால் எல்லாவற்றுக்கும் சிரிப்பான்; சில நாள் அது உனக்கு எரிச்சலாக இருக்கும். அன்றைக்கு மௌனமாக இருந்து மனதுக்குள் அடுக்கி வைக்காதே. திட்டிவிடு. உன் அம்மா என்னைத் திட்டாத நாளில்தான் நான் பயந்திருக்கிறேன். அவனுக்காகவென்று நீ அவனை விட்டு விலகினாயே, அதை அவனிடம் கேட்டாயா? அவனுக்கு வருகிற ஆபத்தை அவன் பார்த்துக்கொள்ளட்டும். பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு, தனக்காகக் காத்திருக்க ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். வேறொன்றும் அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் வடுகபட்டிக்கு வருவேன். பெரிய டீச்சரம்மாவுக்கு இதையே லீவுக் கடிதமாக வைத்துக்கொள்ளச் சொல், அவர்கள் எப்படியும் படித்திருப்பார்கள். நீ வரமாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு வருகிற வயது உனக்குத் தாண்டிவிட்டது. நான் தனியாகத்தான் திரும்புவேன், சம்பந்தியிடம் நானே சொல்லிக்கொள்வேன், சாமுவேலிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. வந்தாயானால், ஞாயிற்றுக்கிழமை ஐயர் உன் பெயரைக் கூப்பிட்டு அந்தத் தடை இன்னும் இருக்கிறதா என்று கேட்பார். சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். அந்த நேரத்தில் உனக்கு வாய் வராது. எனக்குத் தெரியும், உன்மேல் பழி சொல்லத்தான் உனக்கு வாய் வரும். வராவிட்டால் போகிறது. பெண்கள் பக்கம் என்று பார்க்காமல் நான் வந்து உன் பக்கத்தில் நிற்பேன். சொன்னவர்தான் எடுக்க வேண்டும் என்று ஐயர் விதி பேசுவார். பேசட்டும். நீ எழுந்து நில், அது மட்டும் போதும். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா